மண்டை வராத மீன்

எங்கள் ஊரில் மீனுக்குக்கூடக் கோபம் வர வேண்டும். தொட்டிக்கு வெளியே விரலை நீட்டினால் பாய்ந்து வந்து கண்ணாடியில் வாயை இடித்துக்கொள்ள வேண்டும். நெற்றியில் எலுமிச்சம்பழம் அளவுக்காவது ஒரு புடைப்பு இருக்க வேண்டும். அதற்கு மண்டை என்று பெயர். மண்டை வளர வளர ஆர்டர் வளரும் என்று கலர் மீன் கடைக்காரர் சொல்லுவார். முதலாளிமார் தலையாட்டுவார்கள். சிவகாசியில் பட்டாசுக் கம்பெனி ஆபீஸ், அச்சாபீஸ், லாரி செட்டு என்று எங்கே நுழைந்தாலும் இப்படி ஒரு மண்டைக்கார மீன் வாசலைப் பார்த்து முறைத்துக்கொண்டிருக்கும். வாஸ்து மீன் என்பார்கள். வந்து உட்கார்கிற பார்ட்டியும் அதற்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் நாற்காலியை இழுப்பார்.

நான் வேலை பார்ப்பது அச்சாபீஸில். பட்டாசுப் பெட்டிக்குப் படம் போடுகிறவன். கம்ப்யூட்டரில்தான் போடுகிறேன், ஆனாலும் முதலாளி இன்னும் ‘வரையிறவன்’ என்றுதான் சொல்லுவார். என் மனைவி வேலை பார்த்தது தாயில்பட்டி போகிற வழியில் இருக்கும் பட்டாசுக் கம்பெனியில், பேக்கிங்கில். இரண்டுக்கும் முதலாளி ஒருவரே. நான் படம் போட்ட பெட்டிக்குள் அவள் பூச்சட்டி என்கிற புஸ்வாணத்தை அடுக்குவாள். மதுரையில் படிக்கிற மகளைத் தவிரக் குடும்பமே அவருக்குத்தான் உழைத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காலை ஏழரைக்குத் தெருமுனையில் வேன் வந்து ஹார்ன் அடிக்கும். அதற்கு முன்னால் அவள் சேலையில் குத்தியிருக்கும் ஊக்கைக் கழற்றிச் சாமி படத்துக்குக் கீழே வைப்பாள். வெடிமருந்து இருக்கிற இடத்துக்கு இரும்பு ஆகாது. ஒரு சின்ன உரசல் போதும். சாயங்காலம் வந்ததும் குளித்துவிட்டு அதே ஊக்கை எடுத்து மறுபடியும் குத்திக்கொள்வாள். அது சாமி படத்துக்குக் கீழே கிடக்கிற பத்து மணி நேரமும் எந்தப் போன் அடித்தாலும் திரும்பிப் பார்ப்பேன். அவள் அந்த வேனில் ஏறக் கூடாது. வாழ்க்கையில் எனக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

ஆனால் என் வாயில் வந்ததெல்லாம் கிண்டல்தான். “என்ன, இன்னைக்கு உங்க கம்பெனி தரையில இருக்கா, பறந்துருச்சா?” என்பேன். “காலங்காத்தால வாயக் கழுவுங்க” என்று சொல்லிவிட்டு டிபன் பையை எடுத்துக்கொண்டு ஓடுவாள். எனக்குக் கிண்டல் கைவந்த கலை. ஊரில் யாரைப் பற்றி வேண்டுமானாலும் கேளுங்கள், அரை மணி நேரம் நிறுத்தாமல் சொல்லுவேன். அதிலும் முதலாளி என்றால் எனக்குத் தனிக் குஷி.

முதலாளியின் ஆபீஸ் அச்சாபீஸின் மாடியில் இருக்கிறது. எந்நேரமும் ஏசி ஓடும். அங்கே நான் வேலைக்குச் சேர்ந்த பிறகு மட்டும் ஏழு மண்டைக்கார மீன்கள் செத்திருக்கின்றன. கோடையில் மூன்று மணி நேரம் கரண்டு போய் ஒன்று செத்தது. வருகிறவர் போகிறவர் எல்லாரும் தீனி போட்டு ஒன்று செத்தது. ஆனால் எங்கள் பக்கத்தில் மீன் சும்மா சாகாது. எதையோ வாங்கிக்கொண்டுதான் சாகும். நமக்கு வரவிருந்த ஆபத்தைத் தன் மேல் வாங்கிக்கொண்டு போய்விட்டது என்று அர்த்தம். அந்த வாரம் லோடு ஏற்றிப் போன லாரி கவிழ்ந்து டிரைவர் கீறல் இல்லாமல் தப்பியிருப்பார், அல்லது முதலாளிக்கு நெஞ்சுவலி என்று போய் அது வாய்வு என்று தெரிந்திருக்கும். “பாத்தியாப்பா, மீனு வாங்கிக்கிருச்சு” என்று உருக்கமாகச் சொல்லுவார். ஆள் விட்டு அதைக் காம்பவுண்டு ஓரமாகக் குழி தோண்டிப் புதைத்து, மஞ்சள் தண்ணீர் தெளித்து, அடுத்த நாள் அதைவிடப் பெரிதாக ஒன்று வாங்கி வருவார். ஏழு மீன்கள் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றிய அந்த மனிதர் மருந்து அடைக்கிற அறைப் பக்கம் போய் நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. மீனும் ஏசியில், அவரும் ஏசியில். என்ன ஆபத்து அங்கே ஏறி வருமோ எனக்குத் தெரியவில்லை.

எட்டாவதாக வந்ததுதான் எங்கள் மீன். அவரே விருதுநகர் போய் வாங்கி வந்தார். ஐந்து ரூபாய்க் காசு அகலத்தில், தங்க நிறத்தில், தட்டையாக இருந்தது. இது புது ரகம், ஆறு மாதத்தில் மண்டை பிதுங்கும் என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார். ஆறு மாதம் ஆனது. உள்ளங்கை அகலத்துக்கு வளர்ந்தது. உடம்பில் அங்கங்கே சிவப்புப் புள்ளி வந்தது. மண்டை மட்டும் வரவில்லை. கண்ணாடியில் தட்டினால் மோட்டார் குழாய்க்குப் பின்னால் போய் ஒளிந்தது. முகம் பார்க்கும் கண்ணாடியைக் கொண்டு வந்து தொட்டியில் சாய்த்து வைத்தார் முதலாளி. மற்ற மீன்கள் தங்கள் உருவத்தையே எதிரி என்று நினைத்துச் சண்டைக்குப் பாயும். இது கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, துணை கிடைத்தது என்று நினைத்ததோ என்னவோ, கண்ணாடிப் பக்கத்திலேயே நின்றுகொண்டது. வடக்கே இருந்து வந்திருந்த பார்ட்டிகள் சிரித்துவிட்டார்கள். முதலாளிக்கு அது பெரிய அவமானமாகப் போய்விட்டது.

இருந்தாலும் பார்க்க லட்சணமாக இருந்ததால் பூச்சட்டிப் பெட்டியில் அதன் படத்தைப் போடச் சொன்னார். போட்டேன். பார்த்துவிட்டு, “என்னப்பா இது, பச்சப்புள்ள மாதிரி இருக்கு. பல்லு வையி. கண்ணச் செவப்பாக்கு” என்றார். வைத்தேன். அந்த மீனுக்கு இல்லாத பல் பன்னிரண்டு, இல்லாத மண்டை ஒன்று, வாயிலிருந்து நெருப்பு. மீன் வாயில் நெருப்பு எப்படி அண்ணாச்சி வரும் என்று கேட்டேன். “பட்டாசுல்லப்பா” என்றார்.

படம் அச்சுக்குப் போன வாரமே மீனை என்னிடம் தள்ளிவிட்டார். “கோவமே வராத மீனு ஆபீசுக்கு ஆகாதுப்பா. நீ வச்சுக்க. ஒனக்குச் சரியா இருக்கும்” என்றார். கடைசி வாக்கியத்தை அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார் என்று இன்று வரை நம்ப முயல்கிறேன்.

வீட்டுக்குக் கொண்டு வந்த பிறகுதான் அது என்ன மீன் என்றே எனக்குத் தெரிந்தது. செல்போனில் தேடினேன். செவரம் என்று பெயர். தென்னமெரிக்காவில் பெரிய ஆறுகளின் ஓரமாக, தண்ணீருக்குள் விழுந்து கிடக்கிற மரங்களுக்கு நடுவில் மெதுவாகத் திரிகிற சாதி. சாது. இலைதழை தின்னும். மண்டைக்கார மீனுக்கும் அதற்கும் தூரத்துச் சொந்தம், அவ்வளவுதான். விருதுநகர்க் கடைக்காரர் தெரிந்தே ஏமாற்றினாரா, அவருக்கே தெரியாதா என்பது எனக்குப் புரியவில்லை. இரண்டும் ஒன்றாகவே இருக்கலாம்.

செல்போனில் மீன் வளர்க்கச் சொல்லித் தருகிற ஒரு கூட்டம் இருக்கிறது. “ஹாய் நண்பர்களே” என்று ஆரம்பித்து, ஐந்து நிமிடம் தன் கதையைச் சொல்லி, கடைசியில் தண்ணீரை மாற்றுங்கள் என்பார்கள். வாரம் ஒரு தடவை மாற்றுங்கள் என்று ஒருவர், பாதி மாற்றுங்கள் என்று ஒருவர், தண்ணீர் மென்மையாக இருக்க வேண்டும் என்று ஒருவர். சிவகாசியில் மென்மையான தண்ணீர்! எங்கள் போர் தண்ணீரில் பருப்பு வேகாது. குழாய்த் தண்ணீர் பத்து நாளைக்கு ஒரு தடவை வரும், பன்னிரண்டும் ஆகும். வந்த அன்று தெருவே குடத்தை வைத்துக்கொண்டு அடித்துக்கொள்ளும். அதில் அமேசான் ஆற்று மீனுக்கு நான் பங்கு எடுத்து வைக்க வேண்டும். வைத்தேன். இரண்டு டிரம் மீனுக்கென்று ஒதுக்கினேன். பக்கத்து வீட்டுப் பெண் பார்த்துவிட்டு, “அண்ணே, மனுசன் குளிக்கத் தண்ணியில்ல, மீனு நீச்சலடிக்குதாக்கும்” என்றாள். அவளும் என் மனைவியோடு அதே வேனில் போகிறவள்தான்.

மனைவிக்கு அந்த மீனைப் பிடித்துப்போனது. இது நான் எதிர்பார்க்காதது. சாயங்காலம் வந்து, குளித்து, ஊக்கைக் குத்திக்கொண்டு நேரே தொட்டி முன்னால் தரையில் உட்கார்ந்துவிடுவாள். பச்சைப் பட்டாணியை வேகவைத்து, தோலை உரித்து, கிண்ணத்தில் என்னிடம் நீட்டுவாள். “நீங்க போடுங்க. என் கையில மருந்து இருக்கும்” என்பாள். மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவிய பிறகும் நகக்கண்ணில் வெள்ளி மாதிரி ஏதோ மினுங்கும். அந்தக் கையால் எனக்குச் சோறு போடுவாள். மீனுக்கு மட்டும் போட மாட்டாள். நான் இதை வைத்தும் கிண்டல் செய்தேன். ஆனால் மீன் என்னைக் கண்டுகொண்டதே இல்லை. பட்டாணியை வாங்கிக்கொண்டு அவள் முகத்துக்கு நேராகப் போய் நிற்கும். அவள் தலையைச் சாய்த்தால் அதுவும் கொஞ்சம் சாயும். ஒன்றரை வருடம் இப்படிப் போனது.

அந்த நாளுக்கு வருகிறேன். முந்தின வாரம் நல்ல மழை. குழாயில் கலங்கலாக வருகிறது என்று யாரோ சத்தம் போட்டிருக்கிறார்கள். மறுநடை தண்ணீர் வந்தபோது பிளீச்சிங் பவுடரை அள்ளிக் கொட்டியிருந்தார்கள். குடத்தில் பிடிக்கும்போதே மூக்கில் ஏறியது. பன்னிரண்டு நாளாகத் தொட்டித் தண்ணீரை மாற்றாததால் எனக்கு அவசரம். ஆன்டி குளோரின் என்று ஒரு மருந்து உண்டு. தண்ணீரில் சில சொட்டு விட்டால் பிளீச்சிங்கை முறித்துவிடும். பாட்டிலை எடுத்தேன், காலி. கடைக்குப் போக வேண்டும், கடை பத்து மணிக்குத்தான் திறக்கும், எனக்கு எட்டரைக்கு வேலை. இரண்டு நாள் டிரம்மில் விட்டு வைத்து, பிளீச்சிங் தானாகப் போகட்டும் என்று இருந்திருக்கலாம். காற்று மோட்டார் ஓடினாலே போதும், மருந்தெல்லாம் வியாபாரத் தந்திரம் என்று ஹாய் நண்பர்களே ஒருவர் சொல்லியிருந்தார். ஊரில் ஒருவரையும் நம்பாத நான் அவரை நம்பினேன். பாதிக்கு மேல் இறைத்துவிட்டுப் புதுத் தண்ணீரைக் கொட்டினேன். அவள் அதற்கு முன்பே வேனில் போயிருந்தாள். நான் வீட்டைப் பூட்டும்போது மீன் மேலே வந்து வாயை வாயைத் திறந்துகொண்டிருந்தது. புதுத் தண்ணீரைக் குடித்துச் சந்தோஷப்படுகிறது என்று நினைத்துக்கொண்டு கிளம்பினேன். என் புத்தி அவ்வளவு.

பத்தரை மணி இருக்கும். அச்சாபீஸ் ஜன்னல் அதிரவில்லை, சத்தமும் கேட்கவில்லை. அவ்வளவு தூரம் கேட்காது. கீழே மிஷின் ஓட்டுகிறவருக்குத்தான் போன் வந்தது. அவர் என்னைப் பார்த்த பார்வையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. எந்தக் கம்பெனி என்று கேட்கவும் நிற்காமல் பைக்கை எடுத்தேன். வழியெல்லாம் அவள் நம்பருக்குப் போட்டேன். போனைக் கம்பெனி கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள் என்பது அந்த நேரம் எனக்கு நினைவில் இல்லை. எடு, எடு என்று ரோட்டில் கத்திக்கொண்டே போனேன்.

பூச்சட்டிக்கு மருந்து அடைக்கிற அறை வெடித்துப் போயிருந்தது. சுவர் நின்றது, கூரை இல்லை. பேக்கிங் அறை அதற்கு அடுத்தது. அதன் ஒரு பக்கச் சுவர் சரிந்து கிடந்தது. தரையெங்கும் நான் படம் போட்ட அட்டைப் பெட்டிகள். பன்னிரண்டு பல், சிவந்த கண், வாயில் நெருப்பு. அதை மிதித்துக்கொண்டுதான் எல்லாரும் ஓடினார்கள், நானும் மிதித்தேன்.

அவள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் குடிக்க வெளியே வந்திருக்கிறாள். சொம்பு இன்னும் கையில் இருந்தது. காது அடைத்துப்போய் நான் கூப்பிட்டது கேட்கவில்லை. தோளைத் தொட்டதும் நிமிர்ந்து, “அக்கா உள்ள இருந்தாகங்க” என்றாள். அடைக்கிற அறையில் வேலை பார்த்த அந்த அக்காவைத் தூக்கிக்கொண்டு ஆம்புலன்ஸ் அப்போதுதான் கிளம்பியிருந்தது. தினமும் மத்தியானம் இரண்டு பேரும் குழம்பை மாற்றிக்கொண்டு சாப்பிடுவார்கள். நான் மனைவியின் கையைப் பிடித்தேன், முகத்தைத் தொட்டுப் பார்த்தேன், கால் விரல்களை எண்ணினேன். நான் அழுதேன். அவள் அழவில்லை.

வீட்டுக்கு அவளைக் கூட்டி வந்தபோது கூடவே தெருவில் பாதிப் பேர் வந்தார்கள். கதவைத் திறந்தேன். தொட்டியில் மீன் பக்கவாட்டில் மிதந்தது. தங்க நிறம் போய் வெளுத்திருந்தது.

முதலில் வாயைத் திறந்தது பக்கத்து வீட்டுப் பெண். அவள் அன்றைக்கு லீவு. மார்பில் கையை வைத்துக்கொண்டு, “ஆத்தாடி, மீனு வாங்கிக்கிருச்சே!” என்றாள். அவ்வளவுதான். கூட்டம் மொத்தமும் தொட்டிப் பக்கம் திரும்பியது. ஒரு அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஒருவர் செருப்பைக் கழற்றினார். எத்தனை மணிக்குச் செத்தது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. வீட்டுக்குள் பிளீச்சிங் வாடை பள்ளிக்கூடக் கக்கூஸ் மாதிரி அடித்தது. அதைப் பற்றியும் ஒருவரும் கேட்கவில்லை. என் மனைவி தொட்டியைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். சொல்லியிருக்கலாம். மீனைக் கொன்றது நான்தான், அவசரத்தில், ஒரு சின்ன பாட்டில் இல்லாமல் என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். ஊரையே வாயால் கிழிக்கிறவனுக்கு அந்த ஒரு வாக்கியம் வரவில்லை.

மறுநாள் முதலாளி கூப்பிட்டனுப்பினார். போலீஸ், ஆபீசர்கள் என்று அலைந்ததில் கண் சிவந்திருந்தது. ஆபீஸில் ஒன்பதாவதாக வந்த மண்டைக்கார மீன் முறைத்துக்கொண்டிருந்தது. “வீட்டுல நல்லா இருக்காகள்ல?” என்று கேட்டார். “இருக்காக அண்ணாச்சி.” “பாத்தியாப்பா. நான் குடுத்த மீனு. ஒம் பொண்டாட்டியக் காப்பாத்திருச்சு.” அவர் கண் கலங்கிவிட்டது. மேசை மேல் கனமான கண்ணாடிப் பேப்பர்வெயிட் ஒன்று இருந்தது. அதைப் பார்த்தேன். “ஆமா அண்ணாச்சி” என்றேன். “அந்த ரகத்துல எனக்கும் ஒன்னு பாருப்பா” என்றார். அதற்கும் சரி என்று சொல்லிவிட்டுத்தான் படி இறங்கினேன். அவரைப் பற்றி இவ்வளவு எழுதுகிற நான் எவ்வளவு பெரிய ஆள் என்பதை நீங்களும் தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்த அக்கா மதுரை ஆஸ்பத்திரியில் பதினோரு நாள் கிடந்து இறந்தார். சாவு வீட்டுக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது என் காதுபட ஒரு பெண் இன்னொருத்தியிடம் சொன்னாள்: “பாவம், அவுக வீட்டுல மீனு இல்ல.” எழுந்து போய் அவள் முகத்துக்கு நேராகக் கத்த வேண்டும் போல இருந்தது. நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அடுத்த மாதத்தில் எங்கள் தெருவில் எட்டு வீட்டில் தொட்டி வந்தது. என் வீட்டு மீன் என்ன ரகம் என்று கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள். சாத்தூரில் ஒரு கடைக்காரர் ‘உயிர் காக்கும் மீன்’ என்று போர்டு வைத்துவிட்டாராம். மண்டை வராததுதான் அசல் என்று இப்போது பேச்சு. கண்ணாடியில் தட்டிப் பார்த்து, பயந்து ஒளிந்தால்தான் வாங்குகிறார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை மனைவி இருக்கன்குடி அம்மன் கோயிலுக்கு மாவிளக்குப் போடப் போனாள். எனக்கு வேலை, அவள் மட்டும் போனாள். திரும்பி வரும்போது கையில் ஒரு பாலிதீன் பை. அதற்குள் தண்ணீர், தண்ணீருக்குள் காசளவு தங்க நிறம். சாத்தூரில் இறங்கி வாங்கியிருக்கிறாள். பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காமல் பாதி தூரம் பையைக் கையில் பிடித்துக்கொண்டே நின்று வந்தாளாம். ஆன்டி குளோரின் பாட்டில் ஒன்றும் கூடவே வாங்கியிருந்தாள். அதைப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது. அவள் பாட்டிலை அலமாரியில் வைத்தாள்.

கம்பெனி ஒன்றரை மாதம் பூட்டிக் கிடந்தது. சீசன் நெருங்கியதும் திறந்துவிட்டார்கள். முந்தின நாளே பக்கத்து வீட்டுப் பெண் வந்து சொல்லிவிட்டுப் போனாள். “நமக்கென்னக்கா, மீனு இருக்குல்ல” என்றாள். என் மனைவி தலையாட்டியதை நான் பார்த்தேன். அன்று ராத்திரி எனக்குப் புரிந்தது, இந்த வாதத்தில் மீன் தோற்கவே தோற்காது. உயிரோடு இருந்தால் காக்கிறது, செத்தால் காத்துவிட்டது. எப்படியும் வேன் வரும், எப்படியும் அவள் ஏறலாம். அந்த நம்பிக்கையைச் செய்து கொடுத்தவன் நான். என் ஒரு பொய்யின் மேல் கால் வைத்து அவள் வேனில் ஏறப்போகிறாள்.

காலையில் ஏழரைக்குக் கொஞ்சம் முன்னால் அவள் ஊக்கைக் கழற்றிச் சாமி படத்துக்குக் கீழே வைத்தாள். நான் தொட்டிப் பக்கம் நின்றேன்.

“இந்தா, ஒன்னு சொல்லணும்” என்றேன். “அந்த மீனு ஒன்னையும் வாங்கிக்கிடல. நான்தான் கொன்னேன். பிளீச்சிங் தண்ணிய அப்படியே ஊத்திட்டேன். மருந்து தீந்து போச்சு, நான் வாங்கல. அம்புட்டுத்தான்.”

அவள் டிபன் பையில் தண்ணீர் பாட்டிலைச் செருகிக்கொண்டே, “தெரியும்” என்றாள்.

“தெரியுமா?”

“தொட்டியக் கழுவுனது யாரு? நானா, ஒங்க முதலாளியா? கண்ணு எரிஞ்சுச்சு எனக்கு.”

“அப்புறம் எதுக்கு இன்னொன்ன வாங்கிட்டு வந்த? அதுவும் ஒத்தையில நின்னுக்கிட்டு, பஸ்ஸுல?”

அவள் பையைக் கீழே வைத்தாள். “வேன்ல ஏறுறப்ப எனக்குக் காலு நடுங்குதுங்க. எப்பவுமே நடுங்கும். ஊக்கக் கழட்டையிலேயே ஆரம்பிச்சுரும். எதையாவது நம்புனாத்தான ஏற முடியும்? நீங்க முதலாளியத் திட்டுவீக, கடக்காரரத் திட்டுவீக, மீனத் திட்டுவீக. நான் கம்பெனிக்குப் போற இந்தப் பதினாறு வருசத்துல போகாதன்னு ஒரு நாளு சொல்லிருப்பீகளா? நீங்க சொல்லிருந்தா எனக்கு மீனு எதுக்கு?”

நான் சொன்னதில்லை. யோசித்துப் பார்த்தேன், ஒரு நாள்கூடச் சொன்னதில்லை. சொன்னால் அவள் நின்றுவிடுவாள் என்று பயந்திருக்கிறேன். மகள் மதுரையில் நர்சிங் படிக்கிறாள், என் ஒரு சம்பளத்தில் அது நடக்காது. அவள் போகக் கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்த அதே நேரத்தில், அவள் போக வேண்டும் என்றும் இருந்திருக்கிறேன். ஆபத்தை அவள் வாங்கிக்கொள்ளட்டும் என்று விட்டிருக்கிறேன். மாடியில் ஏசிக்குள் உட்கார்ந்திருக்கிறவருக்கும் எனக்கும் இதில் என்ன வித்தியாசம் என்று எனக்குத் தெரியவில்லை. அவராவது மீனைத்தான் விட்டார்.

தெருமுனையில் ஹார்ன் அடித்தது. பக்கத்து வீட்டுக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. தொட்டியில் புது மீன் அவள் நிற்கிற பக்கமாக வந்து நின்றது.

“போகாத” என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன். “போகாத. மகளுக்கு வேற வழி பாப்போம். எனக்குப் பயமா இருக்கு.”

இரண்டாவது ஹார்ன் அடித்தது. மூன்றாவதும் அடித்தது. அதற்குப் பிறகு வேன் நகர்கிற சத்தம் கேட்டது. அவள் சாமி படத்துக்குக் கீழே கையை விட்டு ஊக்கை எடுத்தாள். இரண்டு தடவை தவறி, மூன்றாவது தடவை சேலையில் குத்திக்கொண்டாள்.

“நாளைக்கும் வேன் வரும்” என்றாள். “நாளைக்கும் சொல்லணும்.”